வந்த கரண்ட் திரும்பிப் போக வேண்டும்

2007-ல் ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் டிரேடு முடித்த கையோடு பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வயரிங்கார அண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாதம் ஒரு பழைய ஓட்டு வீட்டிலிருந்து மிக்ஸி ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். மிக்ஸியைப் பக்கத்து வீட்டில் மாட்டிப் பார்த்தால் ஓடுகிறது, அப்படியானால் பிளக் பாயிண்டில்தான் கோளாறு. டெஸ்டரை வலது ஓட்டையில் வைத்தேன், எரிந்தது. இடது ஓட்டையில் வைத்தேன், அதுவும் எரிந்தது.

கரண்ட் வருகிற வயர் பேஸ், மற்றது நியூட்ரல். நியூட்ரல் இருக்க வேண்டிய ஓட்டையில் டெஸ்டர் எரியக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதனால் "அண்ணே, ரெண்டுலயும் பேஸ் வருது, எங்கேயோ வயரை மாத்தி மாட்டியிருக்காங்க" என்று கத்தினேன். அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து எதையும் கழற்றவில்லை. "வீட்டுல எரியுற லைட்டு, ஓடுற ஃபேன் எல்லாத்தையும் நிறுத்து" என்றார். நிறுத்தினேன். இப்போது இடது ஓட்டையில் டெஸ்டர் எரியவில்லை. கூடத்தில் ஒரு குண்டு பல்பின் சுவிட்சைப் போடச் சொன்னார். பல்பு எரியவில்லை, ஆனால் டெஸ்டர் மறுபடி இடது ஓட்டையில் எரிந்தது.

"கரண்ட் வந்தா மட்டும் போதாது தம்பி, திரும்பிப் போகணும். போற வழி எங்கேயோ அறுந்திருக்கு."

பரண் மேலிருந்த ஜங்ஷன் பெட்டியைத் திறந்து கறுப்பு டேப்பை உரித்தார். பழைய அலுமினிய வயரோடு புது காப்பர் வயரை முறுக்கிச் சுற்றியிருந்த ஜாயிண்ட். அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அந்த வீட்டின் நியூட்ரல் அங்கேதான் அறுந்திருந்தது.

நடந்தது இதுதான். பேஸ் வயரில் வந்த கரண்ட் சுவிட்ச் வழியாகப் பல்புக்குள் போய், இழையைத் தாண்டி, அறுந்து கிடந்த நியூட்ரல் துண்டுக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் போக வழியில்லை. போக வழியில்லாததால் ஓட்டம் இல்லை, ஓட்டம் இல்லாததால் பல்பு எரியவில்லை. ஆனால் அந்தத் துண்டு முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கிறது. நான் டெஸ்டரின் தலையில் விரலை வைத்ததும் என் உடம்பு வழியாக ஒரு சின்ன வழி திறந்தது, டெஸ்டர் எரிந்தது. டெஸ்டருக்குள் நியான் விளக்கோடு ஏறக்குறைய 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதனால் கால் மில்லி ஆம்பியர்கூட உடம்பில் போகாது. வெறும் விரலை அந்த நியூட்ரலில் வைத்திருந்தால் கதை வேறு. நியூட்ரலுக்குப் போடும் கறுப்பு வயர்தானே என்று தைரியமாகப் பிடித்து ஷாக் வாங்கியவர்களை அதற்கப்புறம் பார்த்திருக்கிறேன். நிறத்தை நம்பி எந்த வயரையும் தொடாதீர்கள். மெயினை இறக்கிவிட்டு, இறங்கியதா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் மின்சுற்று என்று படித்தபோது அந்த 'சுற்று' என்ற சொல்லை நான் கவனிக்கவே இல்லை. தண்ணீர்க் குழாயை உதாரணமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த உதாரணம் பாதிக்குத்தான் உதவுகிறது என்பது என் கருத்து. ஏனென்றால் குழாயில் வந்த தண்ணீர் குடத்தில் விழுந்துவிடும், திரும்பிப் போகாது. கரண்ட்டுக்குக் குடம் கிடையாது. இப்போது என்னோடு வேலை பார்க்கும் பையன்களுக்கு நான் சைக்கிள் செயினைக் காட்டுகிறேன். பெடலை மிதிக்கிற அழுத்தம்தான் வோல்ட். செயின் கண்ணி ஓடுகிற வேகம் ஆம்பியர். பின் சக்கரத்தில் பிரேக் கட்டை உரசுகிறதே, அது ஓம். மேல் செயின் இழுக்கிறது, கீழ் செயின் திரும்பி வருகிறது, எந்த இடத்தில் ஒரு கண்ணி அறுந்தாலும் மொத்தமும் அந்த நொடியே நின்றுவிடும். நம் வீட்டுக்கு வருவது ஏசி, விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது, ஆகவே 'வருவது, போவது' என்பது ஒரு பேச்சுக்குத்தான். ஆனால் செயின் முழுசாக இருந்தாக வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை.

அண்ணன் பையில் எப்போதும் ஒரு சீரியஸ் போர்டு இருக்கும். ஒரு மரப் பலகை, அதில் ஒரு ஹோல்டர், 100 வாட் குண்டு பல்பு, ஒரு பிளக் பாயிண்ட், நுனி சீவிய இரண்டு வயர். அவ்வளவுதான். பேஸ் நேராகச் சாதனத்துக்குப் போகாமல் முதலில் பல்புக்குள் நுழைந்து, அதற்கப்புறம்தான் சாதனத்துக்குப் போகும். தொடரிணைப்பு என்று பாடத்தில் படித்தது இதுதான். ரிப்பேருக்கு வந்த அயர்ன் பாக்ஸை அதில் சொருகினால் பல்பே சேதி சொல்லிவிடும். எரியவே இல்லை என்றால் உள்ளே எங்கேயோ அறுந்திருக்கிறது. முழு வெளிச்சத்தோடு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட் ஆக இருக்கலாம். மிக்ஸியாக இருந்தால் பல்பு மங்கலாக எரியும், மோட்டார் சோம்பலாக அசையும். ஷார்ட்டான சாதனமாகவே இருந்தாலும் ஃபியூஸ் போகாது, பொறி பறக்காது, ஏனென்றால் பல்பைத் தாண்டி 0.43 ஆம்பியருக்கு மேல் நீடித்து ஓட முடியாது. 100 வாட்டை 230-ஆல் வகுத்தால் வருகிற எண் அது.

இதில் என் மூளையைக் குழப்பிய ஒரு விஷயம் உண்டு. முதல் மல்டிமீட்டர் வாங்கிய அன்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தேன், அந்த 100 வாட் பல்பையும் அளந்தேன். 38 ஓம் காட்டியது. ஓம் விதி தெரியும் அல்லவா, கணக்குப் போட்டேன். 230 வோல்ட்டை 38-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர். அப்படியென்றால் இந்தப் பல்பு ஏறக்குறைய 1,400 வாட் இழுக்க வேண்டும். பல்பு மேல் 100 என்றுதான் அச்சடித்திருக்கிறது. மீட்டர் பழுது என்று கடைக்கே திருப்பி எடுத்துப் போனேன். கடைக்காரர் வேறு மீட்டரில் அளந்தார், அதிலும் 38.

விடை பல்பின் சூட்டில் இருந்தது. நான் அளந்தது குளிர்ந்த இழையை. எரிகிறபோது டங்ஸ்டன் இழை 2,000 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும், அந்தச் சூட்டில் அதன் மின்தடை 529 ஓம் ஆகிவிடுகிறது. சுவிட்ச் போட்ட அந்த ஒரு கணம் மட்டும் உண்மையிலேயே பல மடங்கு கரண்ட் பாய்கிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே 'டப்' என்று போனதற்கு இதுதான் காரணம். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: மீட்டர் ஒரு எண் காட்டினால், எந்த நிலையில் அளந்தேன், குளிர்ந்தா சூடாகவா, லோடு ஓடும்போதா சும்மா இருக்கும்போதா என்று பக்கத்திலேயே எழுதிவைப்பது.

பையன்களுக்குச் சீரியஸில் இன்னொன்றும் செய்து காட்டுவேன். ஒரு 60 வாட் பல்பையும் ஒரு 100 வாட் பல்பையும் வரிசையாக மாட்டி, எது அதிகமாக எரியும் என்று கேட்பேன். எல்லோரும் 100 என்பார்கள். எரிவது 60. இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட், 60 வாட் பல்புக்குத்தான் தடை அதிகம், ஆகவே வோல்ட்டில் பெரும்பங்கை அதுதான் எடுத்துக்கொள்ளும். வீட்டில் எல்லாம் பக்க இணைப்பு, பாரலல் என்போமே அது. ஒவ்வொன்றுக்கும் முழு 230 கிடைக்கும், அதனால் அங்கே 100 வாட் பல்பு ஜெயிக்கிறது. இந்த ஒரு சோதனையைக் கண்ணால் பார்த்தவனுக்குச் சீரியஸ், பாரலல் வித்தியாசம் சாகும்வரை மறக்காது.

எல்இடி வந்த பிறகு குண்டு பல்பு கிடைப்பது சிரமமாகிவிட்டது. எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது, அதற்குள் ஒரு தனி சர்க்யூட்டே இருக்கிறது, எதைச் சொருகினாலும் மினுக்கிக் குழப்பும். நான் நாலைந்து குண்டு பல்புகளைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். சீரியஸ் போர்டு செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பல்பு நடுவில் இருப்பதால் சாதனத்துக்குத்தான் பாதுகாப்பு, உங்களுக்கு இல்லை. 0.43 ஆம்பியர் என்பது 430 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல அதில் பத்தில் ஒரு பங்கு போதும். சீவிய வயர் நுனிகளை மேஜையில் விட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போகக் கூடாது.

சரி, வயருக்கு வருவோம். வயருக்கும் தடை உண்டு என்பதை எல்லோரும் படிக்கிறோம், வேலை செய்யும்போது மறந்துவிடுகிறோம். நான் மறந்ததால் ஒரு பெரியப்பாவுக்குத் தோட்டத்தில் இரண்டு வாரம் தண்ணீர் இல்லாமல் போனது. அவர் வீட்டுப் போர்டிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் கிணறு. 1 எச்.பி. மோனோபிளாக் மோட்டார். 'ஓடும்போது 7 ஆம்பியர்தானே' என்று ஒன்றரை ஸ்கொயர், அதாவது ஒன்றரை சதுர மில்லிமீட்டர், காப்பர் வயர் இழுத்தேன். ஆரம்பத்தில் ஓடியது. கோடை வந்து லைன் வோல்டேஜ் இறங்கியதும், சுவிட்ச் போட்டால் மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, சுற்றவில்லை. கண்டென்சரை மாற்றினேன். பேரிங் பார்த்தேன். கழற்றிக் கொண்டுபோய்ப் பட்டறையில் போட்டால் முதல் சுவிட்சிலேயே ஓடுகிறது. திரும்பக் கொண்டுவந்து மாட்டினால் உறுமல்.

கடைசியில் ஒரு மீட்டரை வீட்டுப் போர்டிலும் இன்னொன்றை மோட்டார் முனையிலும் வைத்து, சுவிட்ச் போடச் சொல்லி இரண்டையும் ஒரே நேரத்தில் படித்தோம். போர்டில் 212 வோல்ட். மோட்டாரில் 168. வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 30 ஆம்பியர். நடுவில் 44 வோல்ட் எங்கே போனது? வயரில்தான். ஒன்றரை ஸ்கொயர் காப்பர் வயர் 1 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம். நான் 60 மீட்டருக்குக் கணக்குப் போட்டிருந்தேன், 0.7 ஓம் என்று. ஆனால் கரண்ட் 60 மீட்டர் போய், 60 மீட்டர் திரும்பி வருகிறது. 120 மீட்டர், 1.45 ஓம். அதை 30 ஆம்பியரால் பெருக்கினால் 43.5 வோல்ட். மீட்டர் சொன்னதும் காகிதம் சொன்னதும் ஒன்றாக வந்ததைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, இன்றைக்கும் அந்த எண்களைப் பாராமல் சொல்வேன். 1827-ல் ஜெர்மனியில் கேயார்க் சைமன் ஓம் என்ற பள்ளி ஆசிரியர் புத்தகமாக வெளியிட்ட விதி, நம் ஊர்க் கிணற்றடியில் அரை வோல்ட் வித்தியாசத்தில் நின்றது.

மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓடும் கரண்ட்டைப்போல நாலைந்து மடங்கு இழுக்கும். அந்த நொடிக்குத்தான் வயர் போட வேண்டும், ஓடும்போது இழுக்கிற 7 ஆம்பியருக்கு மட்டும் அல்ல. 4 ஸ்கொயர் கேபிள் வாங்கி மாற்றினேன். அதே 30 ஆம்பியருக்கு இழப்பு 17 வோல்ட்டுக்குள் வந்துவிட்டது, மோட்டார் சுவிட்ச் போட்டதும் எழுந்தது. கேபிள் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டில் மோட்டார் தூரமாக இருந்தால், வயரின் நீளத்தை இரண்டால் பெருக்கிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

தளர்ந்த ஜாயிண்டும் இதே கணக்குதான், அளவு மட்டும் சின்னது. 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதன் பிளக் தளர்ந்து அங்கே அரை ஓம் தடை உண்டானால், கரண்ட்டைக் கரண்ட்டாலேயே பெருக்கி அரையால் பெருக்க வேண்டும், 38 வாட் வருகிறது. ஈயம் வைக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். ஒரு சால்டரிங் அயர்னை விடச் சூடான ஒன்றைச் சுவருக்குள் பிளாஸ்டிக்கில் சொருகி வைத்த மாதிரி. கரண்ட் கூடினால் தானே விழுகிற சுவிட்சான எம்சிபி இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை, 8.7-தான். மூக்குதான் கண்டுபிடிக்கும். குளித்து முடித்து கீசர் சுவிட்சை அணைத்ததும் பிளக்கின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடு கைக்கு ஏறினால் சாக்கெட்டை மாற்றிவிடுங்கள். திருகை இறுக்கினால் மட்டும் போதாது, கருகிய பித்தளை மறுபடி நல்ல பிடிப்புக் கொடுக்காது.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று வருகிற அழைப்புகளில் பெரும்பாலும் கண்டென்சர்தான் காரணம். சீலிங் ஃபேனில் பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட் இருக்கும். ஃபேனுக்குள் இரண்டு சுற்று வயர், இரண்டிலும் கரண்ட் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் ஃபேனுக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாது. கண்டென்சர் ஒன்றின் நேரத்தைக் கொஞ்சம் முன்தள்ளிவிடுகிறது, அதனால் சுற்றுகிறது. வருடக்கணக்கில் ஓடிய கண்டென்சரை அளந்தால் 1.4, 1.6 என்று தேய்ந்திருக்கும். புதிது போட்டால் காற்று வந்துவிடும். அதே மதிப்பு உள்ளதைப் போடுங்கள், வேகமாகச் சுற்றட்டும் என்று பெரியதைப் போட்டால் காயில் சூடாகும். கழற்றிய கண்டென்சரின் இரண்டு வயரையும் தொடும் முன் ஒரு குண்டு பல்பின் குறுக்கே வைத்து எடுங்கள், மெயினை அணைத்த பிறகும் அது சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. எங்கள் பக்கத்தில் அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை, தென்னை வைத்திருந்த எந்த வீட்டைக் கேட்டாலும் சொல்லும். மின்கம்பங்கள் வரிசை வரிசையாகப் படுத்துக்கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஊழியர்கள் வந்து சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். வாரக்கணக்கில் இருட்டு. வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் சத்தம். அந்த நாட்களில் நான் பயந்தது ஒன்றுக்குத்தான்: மெயினை இறக்காமல், லைனையும் ஜெனரேட்டரையும் ஒன்று சேரவிடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல், ஜெனரேட்டர் வயரைப் பிளக் பாயிண்டில் சொருகிவிடுகிறவர்கள். அந்த 230 வோல்ட் வீட்டோடு நிற்காது, தெருக் கம்பத்து டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தலைகீழாக ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாகி மேல் லைனுக்குப் போகும். அங்கே ஒருவர் வெறும் கையால் கம்பி பிடித்துக்கொண்டிருப்பார். வீடு வீடாகப் போய் இதைச் சொன்னேன், சில இடங்களில் வயரைப் பிடுங்கியும் போட்டேன்.

கரண்ட் வந்த இரண்டாம் நாள் ஒரு மாடி வீட்டிலிருந்து பதறிக் கூப்பிட்டார்கள். மூன்று பேஸ் இணைப்புள்ள வீடு. சமையலறையில் பல்பு சிகரெட் நுனி மாதிரி சிவந்து கிடக்கிறது, கூடத்தில் டியூப் லைட் கண்ணைப் பறிக்கிறது, டிவியிலிருந்து கருகல் வாடை. ஃபோனிலேயே "மெயினை இறக்குங்க அக்கா, எதையும் தொட்டுப் பாக்க வேண்டாம்" என்றேன். போய்ப் பார்த்தால் அவர்கள் மெயின் போர்டில் நியூட்ரல் வயர்கள் சேருகிற நியூட்ரல் லிங்க்கில் பச்சை பூத்துத் திருகு ஆடிக்கொண்டிருந்தது. புயல் மழை போர்டுக்குள் இறங்கியிருக்கிறது.

நியூட்ரல் போனதும் என்ன ஆகிறது என்றால், ஒரு பேஸிலிருந்த லோடும் இன்னொரு பேஸிலிருந்த லோடும், திரும்பிப் போக வழி இல்லாததால், ஒன்றின் வழியாக ஒன்று போகத் தொடங்குகின்றன. பாரலலாக இருந்த வீடு ஒரே கணத்தில் சீரியஸ் போர்டாக மாறிவிடுகிறது, அதுவும் இரண்டு பேஸுக்கும் நடுவே இருக்கிற 400 வோல்ட்டுக்குக் குறுக்கே. ஒரு பக்கம் 1,000 வாட் அயர்ன் பாக்ஸும் மறுபக்கம் 100 வாட் டிவியும் இருக்கின்றன என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். அயர்ன் பாக்ஸுக்கு 53 ஓம், டிவிக்கு 529 ஓம். 400 வோல்ட்டில் டிவி 360-க்கு மேல் வாங்கிக்கொள்ளும், அயர்ன் பாக்ஸுக்கு 40-கூட வராது. 60 வாட் பல்பும் 100 வாட் பல்பும் செய்த அதே வேலைதான். சின்ன லோடுதான் அடிபடும். ஆகவே ஒரு அறையில் மங்கலும் இன்னொரு அறையில் கூடுதல் வெளிச்சமும் ஒன்றாகப் பார்த்தால் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். வருடம் ஒரு முறையாவது, மழைக்காலத்துக்கு முன், நியூட்ரல் லிங்க் திருகுகளைத் தெரிந்த ஆளை விட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

கரண்ட் கசிந்தால் தானே விழுகிற ஆர்சிசிபி என்ற பெட்டியைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். போன வருஷம் ஒரு புது வீடு, கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன், இரண்டுக்கும் தனித்தனி ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர். குடிவந்த மறுநாளிலிருந்து மாலை ஆனால் இரண்டு வீட்டிலும் கரண்ட் போகிறது. யாரோ வந்து 'இது தொல்லை பிடித்த பெட்டி' என்று இரண்டையும் தாண்டி நேராக வயர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தொல்லை தீர்ந்தது. நாலு மாதம் கழித்து வேறு ஒரு வேலைக்காக நான் போனபோதுதான் பார்த்தேன்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று வீட்டுக்காரரை உட்காரவைத்துச் சொன்னேன். எம்சிபி வயரைக் காப்பாற்றுவதற்கு. 6 ஆம்பியர் எம்சிபி என்றால் 6,000 மில்லி ஆம்பியர் தாண்டும்வரை அது சும்மா இருக்கும், அதற்குள் மனிதன் செத்துவிடுவான். ஆர்சிசிபி எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்ப்பதே இல்லை. பேஸில் போனது நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கிறது. ஒரு முனைக்கு வந்த கரண்ட் எல்லாம் அதை விட்டுப் போயாக வேண்டும் என்று 1845-ல் கிர்க்காஃப் என்ற ஜெர்மானியர் 21 வயது மாணவராக இருந்தபோதே எழுதிவிட்டார், அதை ஒரு இரும்பு வளையத்துக்குள் அடைத்தால் அதுதான் ஆர்சிசிபி. இரண்டு வயரும் அந்த வளையத்துக்குள் போகின்றன, போவதும் வருவதும் சமமாக இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போயிருக்கலாம், உடனே விழுந்துவிடும்.

பழைய நிலைக்கு மாற்றிவிட்டு மாலைவரை இருந்தேன். மாடிப்படி விளக்கைப் போட்டதும் இரண்டும் சேர்ந்தாற்போல் விழுந்தன. 9 வாட் எல்இடி. சுவிட்ச் கீழ்வீட்டில், ஆகவே பேஸ் கீழ்வீட்டிலிருந்து. விளக்கு மாடிப்படியின் மேல் முனையில், வயரிங் செய்தவர் பக்கத்திலிருந்த மேல்வீட்டு நியூட்ரலை எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்த 40 மில்லி ஆம்பியர் கீழ்வீட்டுப் பெட்டி வழியாக வந்து மேல்வீட்டுப் பெட்டி வழியாகத் திரும்புகிறது. கீழே ஒன்று குறைகிறது, மேலே ஒன்று கூடுகிறது, இரண்டுமே விழுகின்றன. பெட்டி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. கீழிருந்து தனி நியூட்ரல் ஒன்று இழுத்ததும் சரியாகிவிட்டது.

கிளம்பும்போது கீழ்வீட்டு அப்பாயி கிரைண்டரில் மாவாட்ட உட்கார்ந்தார். காலுக்கடியில் ஒரு மணைக்கட்டை. "எதுக்கு அப்பாயி கட்டை?" என்றேன். "இல்லாட்டி கையில விர்ருங்குதுடா" என்றார், அது ஏதோ கிரைண்டரின் குணம் என்பதுபோல. நாலு மாதமாக. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் கசிவைத் தரைக்குக் கொண்டுபோகிற எர்த் பின்னே இல்லை, பழைய சாக்கெட்டில் நுழையவில்லை என்று முன்னொரு காலத்தில் யாரோ அறுத்து எடுத்திருக்கிறார்கள். பேஸ் முனைக்கும் பாடிக்கும் நடுவே மீட்டரை வைத்தேன், 6 கிலோ ஓம். கோடிக்கணக்கான ஓம் இருக்க வேண்டிய இடம். 38 மில்லி ஆம்பியர் கசிவதற்குத் தயாராக நின்றிருக்கிறது. எர்த் பின் இல்லாததால் அது போக வழியில்லை, அவர் தொட்டால்தான் வழி. அந்தக் கட்டை மட்டும்தான் குறுக்கே இருந்திருக்கிறது.

புதிய மூன்று பின் பிளக்கை மாட்டிச் சுவிட்ச் போட்டேன். அப்பாயி தொடும் முன்பே ஆர்சிசிபி விழுந்தது. கசிவுக்கு இப்போது ஒழுங்கான வழி கிடைத்துவிட்டது, பெட்டியும் அதைப் பார்த்துவிட்டது. கிரைண்டரைக் கவிழ்த்துக் கீழ்த்தகட்டைக் கழற்றினேன். வயர் உள்ளே நுழைகிற ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை, தகட்டின் விளிம்பு உரசி உரசி வயரின் தோல் போயிருந்தது, அதன் மேல் புளித்த மாவுத் தண்ணீர் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. வயரை மாற்றி, ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டு, துடைத்து, மறுபடி அளந்தேன். மீட்டர் அளவு தாண்டிப் போய்விட்டது. சுவிட்ச் போட்டேன், ஓடியது, எதுவும் விழவில்லை.

ஆர்சிசிபி மேல் டி என்று போட்டு ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அமுக்கிப் பார்க்க வேண்டும், விழாவிட்டால் பெட்டியை மாற்ற வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பாயி எழுந்து வந்து "நான் அமுக்குறேன்" என்று ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அமுக்கினார். டக்கென்று விழுந்து ஃபேன் நின்றது. மறுபடி தூக்கிவிடக் காட்டிக்கொடுத்தேன். அமாவாசைக்கு அமாவாசை அமுக்குவதாகச் சொல்லிவிட்டு, மணைக்கட்டையை எடுத்துச் சுவரோரம் சாத்தி வைத்தார்.